மேல்குழியில் கிடைத்த சுருள் கல்

இன்று பேளுக்குறிச்சிச் சந்தையில் சுண்ணாம்பு வண்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கப் போனவன். பக்கத்தில் யாரோ தொட்டியில் கல்லைக் கொட்டித் தண்ணீர் ஊற்ற, அது கொதித்து ஆவி பறந்தது. அந்தக் காரமான வாசம் மூக்கில் ஏறியபோதுதான் குவியலில் அந்தத் துண்டு கண்ணில் பட்டது. ஒரு பாதி வெந்து வெளுத்திருந்தது. மறு பாதி வேகவில்லை. அதில் ஒரு சுருள், ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி, வரிவரியாக அப்படியே இருந்தது.

"இது எங்க வெட்டுன கல்லுங்க?" என்று கேட்டேன்.

"அரியலூர்ப் பக்கமுங்க. அது வேகாத கல்லு சாமி. அதைத் தள்ளிப்போட்டுட்டு வேற எடுத்துக்கங்க" என்றான் வண்டிக்காரன்.

வேகாத கல்லை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். சுண்ணாம்பு வாங்க மறந்துபோனது. நீ இறந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னைப் பற்றி ஊரிலெல்லாம் பேசியிருக்கிறேன். உன்னிடம் பேசியதில்லை. இன்று பேசிவிடுகிறேன்.

யுத்தத்துக்கு முந்திய அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதல்லவா? சாமை அறுவடை முடிந்ததும் கொல்லிமலைத் திருப்புலி நாட்டிலிருந்து கீழே கூலி வேலைக்கு இறங்கிய ஆட்களில் நீயும் ஒருவன். பட்டணத்திலிருந்து வந்த கல் ஆராய்ச்சி ஆபீசர் அரியலூர்ச் சீமையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ரைட்டர். எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், என்ன கிடைத்தது என்று பதிவுப் புத்தகத்தில் எழுதுவதும், கல்லுக்கு நம்பர் சீட்டு கட்டிப் பெட்டியில் அடுக்குவதும் என் வேலை. வந்த முதல் நாளே நீ என்னிடம் கேட்டாய்: "ஏனுங்க ரைட்டரே, இந்தக் கரட்டுக் காட்டுல கடல் சிப்பி எப்படிங்க வந்துச்சு?"

"நமக்கெதுக்கு அது? தோண்டு" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நீ விடவில்லை. மத்தியானம் ஆபீசரிடமே போய்க் கேட்டாய். அவர் மனம் மகிழ்ந்துபோய் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். மனிதன் பிறக்காத காலம். கடல் இதுவரைக்கும் ஏறி வந்து நின்றிருக்கிறது. பிறகு பின்வாங்கியிருக்கிறது. மறுபடி வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அடியில் சேறும் மணலும் சுண்ணாம்பும் படிந்து, அடுக்கடுக்காக நிற்கிறது. கீழ் அடுக்கு முந்தியது. மேல் அடுக்கு பிந்தியது. கூட இருந்த ஆட்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லை எடுக்கும்போதும் அதில் ஒட்டிய மண்ணை விரலால் தேய்த்துப் பார்ப்பாய், முகர்ந்து பார்ப்பாய், சில சமயம் நாக்கில் வைத்துத் துப்புவாய். மலைக்காரர்களுக்கு இது ஒரு பழக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

காகிதச் சீட்டை நம்பவேண்டாம், ஒவ்வொரு கல்லின் மேலும் வெள்ளைச் சாயத்தால் நம்பரை எழுதிவிடு என்று ஆபீசர் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார். நாளை எழுதலாம், மறுநாள் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். மாசி பிறந்து கீழே வெயில் தாங்க முடியாமல் போனதும், பொறுக்கியெடுத்த கற்களை மட்டும் பெட்டிகளில் போட்டு, மலைமேல் குளிர்ச்சியில் உட்கார்ந்து படம் வரையப்போகிறேன் என்று அவர் கிளம்பினார். கொல்லிமலையின் கருங்கல்லையும் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. நீங்கள் எல்லோரும் பெட்டிகளைத் தலையில் சுமந்து, கிழக்குப் பக்கம் செங்குத்துப் பாதையில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். வாழவந்தி நாட்டில் ஒரு புல்வேய்ந்த கொட்டகை கிடைத்தது. பெட்டிகளை அங்கே இறக்கினோம்.

மலைக் காய்ச்சல் ஆபீசரைத்தான் முதலில் பிடித்தது. பத்துப் பன்னிரண்டு கற்களைப் படம் வரைந்து முடித்தவர், மூன்று வாரம் கட்டிலோடு கிடந்தார். நானும் இரண்டு முறை விழுந்தேன். கொட்டகைப் பக்கம் யாரும் போகவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்த நாளில், முதல் பெட்டியைத் தூக்கி வா என்றார். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். பலகை நம் கையில் வந்தது. அடிப்பாகம் வரவில்லை. கற்கள் எல்லாம் பொலபொலவென்று தரையில் கொட்டின. கரையான். வைக்கோலையும் பலகையையும் தின்று, நான் எழுதிக் கட்டிய ஒவ்வொரு சீட்டையும் தின்று முடித்திருந்தது. அடுத்த பெட்டியும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. மூன்று மாதத்து உழைப்பு ஒரே குவியலாகக் கிடந்தது.

பதிவுப் புத்தகம் மட்டும் என் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆனால் எந்த நம்பர் எந்தக் கல் என்று சொல்ல எதுவும் இல்லை.

ஆபீசர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். "எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத கல், வெறும் கல். பள்ளத்தில் கொட்டிவிடுங்கள். பத்து நாளில் கீழே வண்டி வரும். நான் வெறுங்கையோடு போகிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீர் வேறு வேலை பார்த்துக்கொள்ளும்" என்றார்.

அப்போதுதான் நீ பேசினாய்.

"கொட்ட வேண்டாமுங்க. எது எங்க கெடைச்சுதுன்னு எனக்குத் தெரியுமுங்க."

"முந்நூறு கல்லுக்கு மேல் இருக்கிறதப்பா."

"நான் தோண்டுனதுங்க. தலையில வெச்சுச் சொமந்ததுங்க. மண்ணு இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான இருக்குது?"

அவர் உள்ளே போய், தாம் படம் வரைந்து வைத்திருந்த தாள்களை எடுத்து வந்தார். அந்தக் கற்கள் எந்த இடத்தவை என்று தாள்களில் குறிப்பு இருந்தது. படத்தை உனக்குக் காட்டாமல், குவியலிலிருந்து அந்தக் கற்களை மட்டும் தேடி எடுத்து ஒவ்வொன்றாக உன் கையில் கொடுத்தார். நீ மண்ணைத் தேய்த்துச் சொன்னாய்: இது ஓடைக்கரைக் குழி, இடுப்பளவு ஆழம். இது மரக்கட்டை கல்லாகிக் கிடந்த இடம். இது கீழ்க்குழிக் களிமண், துப்பாக்கித் தோட்டா மாதிரி கல் கிடந்ததே, அதற்குப் பக்கம். ஏழாவது கல்லை வெகுநேரம் புரட்டினாய். "இது தெரியலீங்க" என்று கீழே வைத்தாய். மற்ற எல்லாமே சரி. ஆனால் ஆபீசரின் முகம் மாறியது அந்த ஏழாவது கல்லில்தான் என்று பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்கிறவன் சொல்வதை நம்பலாம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

"பத்து நாள் தருகிறேன்" என்றார்.

கொட்டகைக்குப் பக்கத்தில் சாமை அடிக்கும் களத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு உன் மனைவி செல்லாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள், "கல்லுக்கு ஊடு கட்டப் போறீங்களாக்கும்?" களத்தின் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிவரை சுண்ணாம்பால் கோடுகள் கிழித்தோம். கீழ்க்கோடி முதல் அடுக்கு. மேல்கோடி கடைசி அடுக்கு. நீ ஒவ்வொரு கல்லாக எடுத்து அதன் வரிசையில் வைத்தாய். நான் புத்தகத்தைத் திறக்கக்கூடாது என்று ஆபீசர் சொல்லிவிட்டார். ஒரு வரிசை முடிந்த பிறகுதான் எண்ணிக்கையை ஒத்துப்பார்க்க வேண்டும். முதல் வரிசை ஒன்று குறையாமல் பொருந்தியபோது நான் கொஞ்சம் ஆடிப்போனேன். இரண்டாவது வரிசையில் நாலு கல் குறைந்தது. உன் பக்கத்தில் நீ ஒதுக்கி வைத்திருந்த கற்களில் நாலை எடுத்து, "இதை இங்கே வைத்துவிட்டால் கணக்கு சரியாக வந்துவிடும்" என்றேன்.

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "உங்க புஸ்தகத்துக்காவக் கல்லு பொய் சொல்லோணுமா ரைட்டரே?"

வேலை என்னுடையது. தப்பு என்னுடையது. போனால் போகப்போவது என் பிழைப்பு. உனக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த நாலு கல்லும் 'தெரியாது' என்ற தனிக் கூடைக்கே போயின. கோபத்தில் நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. மறுநாள் மேல்வரிசை ஒன்றை அடுக்கும்போது உனக்கே ஞாபகம் வந்து, கூடையிலிருந்து ஒன்றை எடுத்து அங்கே வைத்தாய். நான் வைக்கச் சொன்ன வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதன் பிறகு கணக்கைச் சரிக்கட்டும் பேச்சை நான் எடுக்கவில்லை. அன்றிலிருந்து நீயும் என்னை 'ரைட்டரே' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு 'ஏனப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தாய்.

செல்லாயி கற்களைத் தண்ணீரில் நனைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கொடுத்தாள். மண்ணைக் கொஞ்சம் விட்டுவைத்துத் தேய்க்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். ஒருநாள் அவள்தான் காட்டினாள். "இதுல பாருங்க, ஈரத்துல கோடு தெரியுது. கொத்தமல்லி எலையாட்டம் கத்திரிச்சுக் கத்திரிச்சுப் போகுது. இன்னொண்ணுல அந்த எலை இல்லை. சும்மா வளைஞ்ச கோடுதான்."

நாம் மூவரும் குனிந்து பார்த்தோம். இத்தனை நாள் சுருள் கல் எல்லாம் ஒரே சாதி என்று நான் புத்தகத்தில் 'சுருள்' என்றே எழுதிவந்திருந்தேன். ஆபீசர் கம்பளியோடு எழுந்து வந்துவிட்டார். இரண்டும் வேறு வேறு குடும்பம் என்று விளக்கினார். இலைக்கோடு போட்டது ஒன்று. வெறுங்கோடு போட்டது ஒன்று. இலைக்கோட்டில்தான் எத்தனை வகை! தட்டையானது, பருத்தது, முள் வைத்தது, சுருள் அவிழ்ந்து கொக்கி மாதிரி வளைந்தது.

வரிசைகள் நிறைந்தபோது களத்தில் ஒரு விஷயம் யாரும் சொல்லாமலே தெரிந்தது. கீழ்க்கோடியில் பவளம் கொஞ்சம். அதற்கு மேல் மெல்லிய களிமண்ணில் தோட்டாக் கற்களும் இலைக்கோட்டுச் சுருள்களும். நடுவே பருமணலும் ஆற்றோடு வந்த மரக்கட்டையும்; அங்கே ஓடு தடித்த சிப்பிகள் பெருகியிருந்தன. பிறகு மறுபடி சுருள்கள். ஆனால் கீழே இருந்த வகை ஒன்றுகூட இல்லை, எல்லாம் புது வகை. அதற்கு மேல் கையகலத் தடித்த சிப்பிகளின் கூட்டம். அப்புறம் கடல் பிராணியே இல்லாத வெறும் மணல். அதற்கும் மேலே கடல் திரும்பி வந்திருந்தது. வந்த கடலில் புது மட்டிகளும் புது நத்தைகளும் இருந்தன. இலைக்கோடு ஒன்றுகூட இல்லை.

நீ களத்தின் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிக்கு நடந்தாய். ஆபீசர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேளுக்குறிச்சியில இருந்து மலை ஏறி வந்தா, பாதி தூரத்துல ஒரு மரம் நின்னுபோகுதுங்க, வேற மரம் வருது. சோளம் வெளையற எடத்துல மொளகு வெளையாது. கொடிக்குத் தக்கன குளுமை வேணும். இங்கயும் அப்படித்தானுங்க. தண்ணி ஆழமா இருந்தப்ப ஒரு கூட்டம். ஆறு மணலைக் கொண்டாந்து கொட்டுனப்ப, அது தாங்குற கூட்டம். எடம் மாற மாற, இருக்குறதும் மாறிக்கிட்டே வந்திருக்குது. ஆனா மலையில நான் ஒரே நாள்ல ஏறிடறேன். இது எத்தனை காலம் ஏறிச்சோ!"

"கோடிக்கணக்கான வருஷம்" என்றார் ஆபீசர். நீ தலையாட்டினாய். அந்த எண் உன்னைப் பயமுறுத்தியதாகத் தெரியவில்லை.

தகராறு வந்தது கடைசி வரிசையில். வெறுங்கோட்டுச் சுருள் ஒன்றை, தேங்காய் அளவு பெரியதை, மேல்கோடியில் வைத்தாய். "அங்கே இருக்க முடியாது. மேல் அடுக்கில் எந்தச் சுருளையும் நான் பார்த்ததில்லை. இந்தச் சீமையில் சுருள் கூட்டமே அதற்குக் கீழே முடிந்துவிட்டது" என்றார் ஆபீசர். புத்தகத்தைப் புரட்டினேன். மேல்குழிப் பக்கத்தில் என் கையெழுத்தில் 'சங்கு, பெரியது, ஒன்று' என்று இருந்தது. சங்கா, சுருளா? எனக்கே நினைவில்லை. என் சோம்பலுக்கு இன்னொரு சாட்சி.

"மேல்குழிதானுங்க. கெழக்குச் செவுத்துல இருந்து நெம்பி எடுத்தேன். அது இருந்த பள்ளம் செவுத்துலயே நிக்கும். கொண்டுபோய் வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சுபோகும்."

"வண்டி வர ஐந்து நாள்தான் இருக்கிறது."

"போயிட்டு வாரேனுங்க" என்றாய். அவ்வளவுதான். உனக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் கையைத் தொட்டுப் பார்த்துச் சொன்னபோது, "நடந்தா வேர்த்து எறங்கிடும்" என்றாய். செல்லாயி ராகிக் களி உருண்டைகளை இலையில் கட்டி என் கையில்தான் கொடுத்தாள். "அவரைக் கூட்டிக்கிட்டு வந்து சேத்துருங்க சாமி" என்றாள்.

விடிந்ததும் இறங்கினோம். கல்லைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டாய். என்னிடம் தர மறுத்துவிட்டாய். துறையூரில் பஸ் கிடைத்தது. அரியலூருக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலையில் வண்டித்தடத்தில் நடந்தோம். வழியெல்லாம் உனக்குப் பல் கிட்டியது. குழியை நெருங்கும்போதே புகை தெரிந்தது. சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் நம் குழியை ஒட்டிக் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். மேற்குச் சுவர் போய்விட்டது. கிழக்குச் சுவரில் ஒருவன் கடப்பாரையை ஓங்கியிருந்தான்.

நீ ஓடினாய். காய்ச்சலோடு, முதுகில் கல்லோடு, குழிக்குள் சரிந்து இறங்கி அவன் முன்னால் நின்றாய்.

"கொஞ்சம் பொறுங்க. ஒரு வெத்தலை போடற நேரம். ஒண்ணே ஒண்ணு பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாக்குற? யாருய்யா நீ?"

"கொல்லிமலையில இருந்து வாரேனுங்க. இந்தக் கல்லோட எடம் இந்தச் செவுத்துல இருக்குது."

அவன் விநோதமாகப் பார்த்தான், ஆனால் கடப்பாரையை இறக்கினான். நீ சுவரில் கையால் தடவிக்கொண்டே போனாய். தூசியைத் துடைத்தாய். முழங்கால் உயரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. உள்ளே வளைந்த வரிகள். கல்லை அவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் திருப்பி, உள்ளே வைத்தாய். அது போய் உட்கார்ந்தது. கையை எடுத்த பிறகும் விழவில்லை. சுவரின் வரியும் கல்லின் வரியும் ஒன்றாக ஓடின.

காளவாய் ஆட்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கடப்பாரைக்காரன் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்து, "அட, இதோட ஊடேதான்" என்றான். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து படம் வரைந்தேன், ஆழம் அளந்தேன், சுற்றியிருந்த மட்டிகளின் பெயரை எழுதினேன், பள்ளத்திலிருந்து ஒரு துண்டும் உடைத்து எடுத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த முதல் பதிவு அதுதான். நீ குழியின் நிழலில் சுருண்டு படுத்து நடுங்கிக்கொண்டிருந்தாய். சிரித்துக்கொண்டும் இருந்தாய்.

மலை ஏறும்போது உன்னால் முடியவில்லை. பாதி வழியில் உன் ஊர் ஆட்கள் கட்டில் கொண்டுவந்து தூக்கினார்கள். ஆபீசர் துண்டைக் கல்லோடு பொருத்திப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். அத்தனை வகையாகப் பெருகிய இலைக்கோட்டுக் கூட்டம் முழுக்க அழிந்தபோது, ஆடம்பரம் இல்லாத இந்த வெறுங்கோட்டுச் சுருள் தப்பி, திரும்பி வந்த கடலில் குடியேறியிருக்கிறது என்றார். அதன் வாரிசு இன்றும் ஆழ்கடலில் நீந்துகிறதாம். உன்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "நிக்கிறேனுங்க" என்றாய். அவரும் எழுந்து நின்றுகொண்டார். வண்டி வரும்வரை நீ கல்லைப் பிடிக்க, நான் வெள்ளைச் சாயத்தால் நம்பர் எழுதினேன். பதினொரு கற்களில் நம்பருக்குப் பதிலாகத் 'தெரியாது' என்று எழுதினோம். என் வேலை நிலைத்தது.

யுத்தம் வந்தது. மலையில் கொய்னா மருந்து கிடைக்காமல் போன அந்த வருஷம் உனக்கு மறுபடி காய்ச்சல் கண்டது. நான் அப்போது வடக்கே ஒரு முகாமில் இருந்தேன். செய்தி வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாளும் முடிந்திருந்தது. நாமக்கல்லிலும் சேலத்திலும் மருந்துக்கு அலைய ஆள் இல்லாமலா போயிற்று என்று செல்லாயியிடம் கேட்டேன். "அலைஞ்சாங்க. இல்லைன்னாங்க. அவரு உங்களைத்தான் கேட்டாரு, அந்தக் கல்லு பத்தி எழுதி வந்துச்சான்னு" என்றாள்.

போன ஆவணியில்தான் வந்தது. அச்சிட்ட புத்தகம். மேல் அடுக்கின் சுருள் கல்லுக்கு ஒரு முழுப் பக்கப் படம். அதன் கீழே, சுவரில் பொருத்திப் பார்த்து இடம் உறுதி செய்யப்பட்டது என்று ஒரு வரி. யார் பொருத்தினார்கள் என்று இல்லை. முன்னுரையின் கடைசியில் 'கூலியாட்களுக்கு நன்றி' என்று இருக்கிறது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மலையேறிச் செல்லாயிக்குப் படித்துக் காட்டினேன். படத்தை வெகுநேரம் பார்த்தாள். "அவரு பேரு எந்த எடத்துல இருக்குதுங்க?" என்றாள். பொய் ஒரு கணம் வாய்வரை வந்தது. "இல்லைம்மா. எழுதலை" என்றேன். "அப்ப எழுதச் சொல்லுங்க" என்றாள், உப்புக் குறைந்தால் போடச் சொல்வது மாதிரி.

அதனால் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபீசர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு ஒன்று, அவருடைய ஆபீசுக்கு இரண்டு. பதில் இல்லை. சர்க்காரே மாறப்போகிறது, இந்த நேரத்தில் இதை யார் பார்ப்பார்கள் என்று என்னுடன் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். வருகிற சர்க்காருக்கும் எழுதுவேன். தை பிறந்ததும் புது முகாம் போகிறேன். பதிவுப் புத்தகத்தில் 'எடுத்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் நானே கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன். புது ஆபீசர் எதற்கு என்றார். அந்தக் கட்டம் வேண்டாமென்றால் வேறு ரைட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு காலத்தில் வேலை போய்விடுமோ என்று நாலு கல்லை இடம் மாற்றப் பார்த்தவன் சொன்ன வார்த்தை இது. அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கட்டம் இருக்கட்டும் என்றார்.

நாலாவது கடிதத்தை இப்போதுதான் முடித்தேன். இதில் உன் பெயரை, உன் தகப்பனார் பெயரோடும் திருப்புலி நாட்டோடும் சேர்த்து முழுதாக எழுதியிருக்கிறேன். அதற்கடுத்த வரியில், கோட்டு வித்தியாசத்தை முதலில் கண்டவள் என்று செல்லாயியின் பெயர். நாளைக் காலையில் தபாலில் சேர்க்கிறேன். ஐந்தாவதற்குக் காகிதம் வாங்கி வைத்திருக்கிறேன்.